சைக்கிளுக்கு 6.8 கிலோ, விமானத்துக்கு 15 கிலோ: எடை போடுவது யாரை?

"விளையாட்டுல எதுக்குங்க சாதிய இழுக்குறீங்க?" ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்தில் நாங்கள் பேசப்போகும் இடத்தில் எல்லாம் வந்து விழும் கேள்வி இது. ஒரு சைக்கிளை முன்னால் நிறுத்தியே பதில் சொல்கிறோம்.

தென்மாவட்டங்களில் ஊர்த்தெருவுக்குள் தலித் சைக்கிளில் போகக்கூடாது, இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது எழுதாத சட்டம். பழங்கதை இல்லை. 2015-இல் திருத்தப்பட்டு 2016 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பட்டியல் சாதியினர் பொது இடத்தில் சைக்கிள் ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. நடக்காத குற்றத்துக்கு நாடாளுமன்றம் ஏன் சட்டம் எழுத வேண்டும்? 2025 பிப்ரவரியில், சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட் ஓட்டியதற்காகத் தலித் கல்லூரி மாணவரின் கைகளை வெட்டினார்கள் என்று புகார். அடுத்த மாதம் தூத்துக்குடி மாவட்டத்தில், தேர்வெழுதப் போன தலித் பள்ளி மாணவரின் விரல்கள் வெட்டப்பட்டன. கபடியில் ஜெயித்ததுதான் காரணம் என்றது குடும்பம்.

இத்தனையையும் தாண்டி நம் சேரியிலிருந்து ஒரு மாணவி சைக்கிள் பந்தயத்துக்குத் தேர்வாகிறார் என்று வைத்துக்கொள்வோம். போட்டி டெல்லியில். மதுரைக்குப் போய் விமானம் ஏற வேண்டும்.

பந்தய சைக்கிள் 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது என்பது சர்வதேச சைக்கிள் சங்கத்தின் விதி. எந்திரத்தைவிட மனிதரே முக்கியம் என்று 1996-இல் லுகானோ சாசனம் வகுத்த கொள்கையை ஒட்டி வந்தது. காசைக் கொட்டி எடையைக் குறைத்தவர் ஜெயித்துவிடக் கூடாது என்று பந்தயத் திடலில் யோசித்திருக்கிறார்கள். விமான நிலையத்தில் யோசித்தவர் யார்?

உள்நாட்டு விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்குப் பொதுவாக 15 கிலோதான். பெடலைக் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, டயரில் காற்றை இறக்கி, கெட்டியான பெட்டியில் வைத்தால் மொத்த எடை 20 கிலோவைத் தொட்டுவிடும். மாற்றுத் துணியும் ஷூவும் தனி. கூடுதல் எடைக்குக் கட்டணம், போக ஒருமுறை, வர ஒருமுறை. பெட்டி வாங்கக் காசில்லாமல் கடை அட்டைப்பெட்டியில் வைத்து அனுப்பினால், கியரைத் தாங்கும் சின்னக் கொக்கி வளைந்தாலே போதும், பந்தயம் போச்சு. மாற்று சைக்கிள் வைத்திருப்பவருக்கு அது ஒரு தொந்தரவு. தீப்பெட்டி ஆபீஸ் கூலியில் வளர்ந்த பிள்ளைக்கு அதோடு அந்த வருஷமே முடிந்தது.

"ரயிலில் போகலாமே?" போகலாம். சைக்கிளை பார்சலில் போட்டு, சென்னையில் இறக்கி, மறுபடி ஏற்றி, அது கூடவே வந்து சேருமா என்ற பதைப்போடு இரண்டு ராத்திரி தூங்காமல் போய் இறங்கலாம். முந்தின நாள் விமானத்தில் வந்து ஓய்வெடுத்தவரோடு மறுநாள் காலை மோதலாம். தோற்றால் "திறமை பத்தலை" என்பார்கள்.

2020 ஊரடங்கில் குருகிராமிலிருந்து பீகாரின் தர்பங்காவுக்கு, அடிபட்ட அப்பாவைப் பின்னால் உட்காரவைத்து சுமார் 1,200 கிலோமீட்டர் மிதித்தார் 15 வயதுத் தலித் சிறுமி ஜோதி குமாரி. உடனே தேர்வுக்கு வரச் சொன்னது இந்திய சைக்கிள் கூட்டமைப்பு. அரசு கைவிட்டதால் மிதித்த மிதியைச் சாதனை என்று கைதட்டினார்கள். நாங்கள் கேட்பது கைதட்டல் அல்ல, பெட்டிக்கான கட்டணம்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய பாடமும் அல்ல. 2001-இல் இலவச சைக்கிள் திட்டம் தொடங்கியதே பட்டியல் சாதி, பழங்குடி மாணவிகளுக்காகத்தான். பிறகுதான் எல்லாருக்கும் ஆனது. பள்ளி வாசல்வரை வந்த அரசு பந்தயத் திடல்வரை வரட்டும்.

எங்கள் கோரிக்கைகள் மூன்று. வீரரின் டிக்கெட்டோடு சைக்கிளின் இருவழிக் கட்டணத்தையும் அரசு முன்பணமாகத் தர வேண்டும். பில் கொடுத்தால் பிறகு தருகிறோம் என்பது நம் வீடுகளில் கந்துவட்டி என்று அர்த்தம். மாவட்ட விளையாட்டு அலுவலகம்தோறும் இரவல் தர சைக்கிள் பெட்டிகள் இருக்க வேண்டும். 2024-இல் இயற்றிய ஆதிதிராவிடர், பழங்குடியினர் வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டத்தின் நிதியில் இதற்குத் தனித் தலைப்பு வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தனித்தொகுதி. இங்கே ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத் தெருவுக்குள் வரட்டும்.