கல்வெட்டுக்கு முன்னரே எழுதுவோம்

ஈழத்துச் சைவத் தமிழர் இல்லங்களில் ஒருவர் சிவபதம் எய்தினால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையை ஒட்டி நினைவு மலரொன்று வெளியிடுவது நெடுநாளைய மரபு. அதனைக் 'கல்வெட்டு' என்றே எம்மவர் வழங்குவர். முகப்பிலே அமரரின் படம், அதன் கீழே தோற்றமும் மறைவும், அடுத்துத் திதி வெண்பா, பஞ்சபுராணம், வாழ்க்கை வரலாறு, மக்கள் மருமக்கள் பேரப்பிள்ளைகளின் புலம்பல், வம்சாவளி, இறுதியிலே நன்றி நவிலல் என அது அமையும். யாழ்ப்பாணத்து அச்சகங்களில் வளர்ந்த இவ்வழக்கம் இன்று ஸ்காபரோவிலும் குன்றாது நிலவுகின்றது. 2005 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற 'நூலகம்' இணைய நூலகம் இத்தகைய மலர்களையும் தேடிச் சேர்த்துப் பாதுகாத்து வருகின்றது. எமது சமூகத்தின் வரலாற்றை எழுத முற்படுவோர்க்கு இவை அரிய சான்றுகள் என்பதில் ஐயமில்லை.

எனினும், பல கல்வெட்டுகளை ஒருசேர வைத்து வாசிப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். அவற்றிலே வாழ்க்கை வரலாறு என்னும் பகுதியே மிகவும் வறிதாயிருக்கும். 'அமரர் தன்னலம் கருதாதவர், பிறருக்காகவே வாழ்ந்தவர், கடவுள் பக்தி மிக்கவர், இன்முகத்தோடு விருந்தோம்பியவர்' என்னும் நான்கு வாக்கியங்கள் எல்லா மலர்களிலும் உள. பெயரை மட்டும் மாற்றினால் ஒருவருக்கு எழுதியது மற்றவர்க்கும் பொருந்தும். மறைந்தவர் பெண்ணாயின் நிலைமை இன்னும் மோசமானது. அவர் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்பதோடு வரலாறு முடிந்துவிடும். எண்பது ஆண்டுகள் ஓயாது உழைத்த ஒருவரின் உழைப்பு யாது என்பதை அம்மலரிலே காண இயலாது.

எமது பாடசாலைச் சமூகத்தைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் 2024 ஆம் ஆண்டு தமது எண்பத்தாறாவது வயதில் இறைவனடி சேர்ந்தார். சனிக்கிழமைகளில் பேரப்பிள்ளைகளை அழைத்துவந்து, வகுப்பு முடியும்வரை நடைபாதையின் ஓரத்து நாற்காலியில் அமர்ந்து, உதடு அசையாமற் பஞ்சாட்சரம் செபித்துக் கொண்டிருப்பார். அவரை இங்குள்ள பிள்ளைகள் எல்லோரும் 'அம்மம்மா' என்றே அழைத்தனர். அவரது கல்வெட்டிலும் மேற்சொன்ன நான்கு வாக்கியங்களே இடம்பெற்றன. ஆனால் இடைவேளைகளில் அவர் எம்மோடு பேசியவற்றைக் கொண்டு நாம் வேறொரு கணக்கை எழுதக்கூடியவராக உள்ளோம்.

வலிகாமத்துக் கிராமமொன்றில் 1938 இல் பிறந்த அவர், எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திப் பத்தொன்பதாவது வயதிலே மணமுடித்தார். கணவர் கொழும்பிலே அரசாங்க எழுதுவினைஞர். 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவிப் புகைவண்டியில் அவர் விடுமுறைக்கு வந்து போவார். 1958 இல் தெற்கிலே வன்செயல் மூண்டபோது, கணவர் கப்பலிலே வடக்கு வந்து சேரும்வரை இவர் உண்ணாமற் காத்திருந்தார். அவர் மீண்டும் வேலைக்குச் சென்ற பின்னர் வீடும் தோட்டமும் மாமன் மாமியும் மூன்று பிள்ளைகளும் இவர் பொறுப்பாயினர். விடியுமுன் துலாவில் நீர் இறைப்பதும், புகையிலைக் கன்றுக்கு நீர் விடுவதும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும், அந்திப்பொழுதிலே வைரவர் கோயிலுக்கு விளக்கேற்றுவதும் அவர் நாள். 1995 ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமமே பெயர்ந்து சென்ற இரவில், கணவரை இழந்திருந்த அவர், நடக்க இயலாத மாமியாரைத் துவிச்சக்கர வண்டியில் இருத்தி உருட்டிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைக் கடந்தார். அம்மாமியார் தென்மராட்சியிலே கண்மூடும்வரை பணிவிடை செய்தார். 1999 இல் மகளின் அழைப்பிலே கனடா வந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்று. எமது ஊர்களிலே ஓய்ந்து அமரும் வயது அது.

இங்கே அவருக்கு இரண்டாவது குடும்ப வாழ்க்கை தொடங்கியது. மகள் தொழிற்சாலையில் இரவுப் பணி. மருமகன் பகலிலே ஒரு வேலை, மாலையிலே ஒரு வேலை. பேரப்பிள்ளைகள் நால்வர். அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, நீராடி, திருநீறு தரித்துச் சிவபுராணம் ஓதிய பின்னரே அடுப்பைத் தொடுவார். புட்டும் சம்பலும் ஆயத்தமானதும் பிள்ளைகளைக் குளிரங்கியால் மூடி, உறைபனியில் வழுக்கி விழாது கைபிடித்துப் பள்ளிக்கு நடத்திச் செல்வார். ஆங்கிலம் அறியாத அவர், வாசலிலே ஆசிரியை கூறியதைச் சொல்லுக்குச் சொல் மனத்திலே இருத்தி வந்து மகளிடம் ஒப்புவிப்பார். செவ்வாயும் வெள்ளியும் விரதம்; கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம். விரத நாளிலும் வீட்டார்க்குரிய சமையலில் ஒரு கறி குறைந்ததில்லை.

அன்பார்ந்த பெற்றோர்களே! இவ்வுழைப்பை வெறும் அன்பு என்று கூறி நாம் கடந்து செல்லலாகாது. பெற்றோரைக் கனடாவுக்கு அழைப்பவர், அவர்களைத் தாமே பராமரிப்பதாக அரசுக்கு உறுதிமொழி எழுதிக் கொடுத்தல் வேண்டும். முன்னர் பத்தாண்டுகளாக இருந்த அக்காலம், 2014 முதல் ஒன்ராறியோ உள்ளிட்ட மாகாணங்களில் இருபது ஆண்டுகளாக உயர்த்தப்பட்டது. முதியோர் ஓய்வூதியமும் அறுபத்தைந்து வயது நிரம்பி, இந்நாட்டில் பத்தாண்டுகளேனும் வாழ்ந்த பின்னரே கிட்டும். ஆகவே பத்திரத்தின்படி பிள்ளை தாயைத் தாங்குகின்றது. வீட்டினுள்ளே நிகழ்ந்ததோ அதற்கு நேர்மாறானது. நான்கு குழந்தைகளைப் பகல்நேரக் காப்பகத்தில் விட்டிருந்தால், தொழிற்சாலைச் சம்பளத்தில் எவ்வளவு மிஞ்சியிருக்கும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். அம்மூதாட்டி வீட்டில் இருந்தமையால் மகள் வேலைக்குச் சென்றார். வேலைக்குச் சென்றமையால் வங்கி கடன் வழங்கியது. அக்கடனால் வீடு அமைந்தது. அவ்வீட்டின் உறுதியில் அவர் பெயர் இல்லை. ஆயினும் அதன் கடனில் ஒரு பங்கை அவரே அடைத்தார் என்பது எமது துணிபு. இது ஒரு வீட்டின் கதையன்று. இம்மலரை வாசிக்கும் பல இல்லங்களின் கதை.

ஈண்டு நாம் கூற விரும்புவது ஒன்றே. 'தமக்கென ஒன்றும் கேளாதவர்' என்று முதியோரைப் புகழ்கின்றோம். அப்புகழுரையே பல இல்லங்களிலே அவர்களுக்கு ஒன்றும் கொடாமைக்குக் காரணமாகி விடுகின்றது. கேளாதவர்க்குக் கொடுக்க வேண்டியதில்லை என்று நாம் எண்ணிக் கொள்கின்றோம். பேரப்பிள்ளைகள் வளர்ந்து பல்கலைக்கழகம் புகுந்த பின்னர், நிலவறை அறையொன்றிலே தொலைக்காட்சியின் முன் நாள் முழுவதும் தனித்திருக்கும் முதியோர் எத்தனை பேர்! வெள்ளிக்கிழமை றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போக வேண்டுமென்று அவர்கள் விரும்பினால், ஸ்காபரோவிலிருந்து பேருந்து மாறி மாறிச் செல்ல வேண்டும். வாகனம் ஓட்டுபவர்க்கு நேரமிருந்தாற் செல்லலாம். இல்லையேல் அடுத்த வாரம் என்று நாட்கள் கழியும். அவரது வாழ்விலே அவருக்கே உரியதாயிருந்தது அவரது வழிபாடு ஒன்றே. அதனையும் நமது வசதிக்கு ஏற்றவாறு தள்ளிப் போடுகின்றோம். அவர் முகம் சுளிப்பதில்லை. "எனக்கென்ன தம்பி, பிள்ளையள் நல்லா இருந்தாற் போதும்" என்பார். அச்சொல்லை அவரது பெருந்தன்மையாகக் கொள்வதே முறை. நமக்குக் கிடைத்த அனுமதியாகக் கொள்ளுதல் முறையன்று.

சைவர்களாகிய நமக்கு இதிலே ஒரு நல்ல வழிகாட்டல் உண்டு. திருநாவுக்கரசரின் தமக்கையார் திலகவதியாரை நாம் அறிவோம். தாயையும் தந்தையையும் இழந்து, தமக்கு மணம் பேசப்பட்ட கலிப்பகையாரும் போர்க்களத்திலே மாய்ந்துவிட, உயிர் துறக்கத் துணிந்த அவர், தம்பியின் பொருட்டே உயிர் தாங்கினார். போர் ஒரு பெண்ணுக்குச் செய்யும் கொடுமையை எமது தலைமுறைக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. பின்னர் அவர் திருவதிகைத் திருக்கோயிலிலே அலகிட்டு, மெழுகிட்டு, மலர் கொய்து மாலை தொடுத்துத் தொண்டு செய்தார். சூலை நோயோடு திரும்பி வந்த தம்பிக்குத் திருநீறு அளித்து ஆட்கொள்ளச் செய்தார். அவருக்குக் குடும்பத் தொண்டும் கோயிற்றொண்டும் வேறு வேறல்ல. நாயன்மார் அறுபத்து மூவரின் வரிசையிலே அவர் பெயர் இல்லை. எனினும் பன்னிரண்டாம் நூற்றாண்டிலே பெரியபுராணம் பாடிய சேக்கிழார், அவ்வம்மையார் கோயிலைப் பெருக்கியதையும் மெழுகியதையும் விடாது பதிவு செய்தார். வரிசையில் இடம்பெறாதவரின் பணியையும் பெயர் குறித்து எழுதி வைத்த அப்பண்பினையே நாம் கைக்கொள்ள வேண்டும்.

இதனை வலியுறுத்த எமக்கொரு காரணம் உண்டு. தாயகத்திலே ஆசிரியராயிருந்து, போரின் பின்னர் ஏதிலியாக இந்நாட்டை அடைந்தோம். எமது வழக்கு முடிவுறாதிருந்த காலத்திலே ஊரிலே எமது தாயார் காலமானார். செல்ல வழியில்லை, தொலைபேசியிலே கிரியைகளின் ஒலியைக் கேட்டோம். பின்னர் கல்வெட்டுக்கு வரலாறு எழுதித் தருமாறு உறவினர் கேட்டனர். கேட்டறிய வேண்டிய வினாக்கள் நூறு எமக்கு இருந்தன. விடை கூறவல்லவர் இல்லை. எம்மைப் போன்று கடல் பிரித்த பலர் இங்குள்ளனர். ஆனால் அம்மம்மாவும் அப்பப்பாவும் அடுத்த அறையிலேயே இருக்கப்பெற்ற பிள்ளைகளுக்கு அந்நிலை வரவேண்டியதில்லை.

ஆதலால் எமது பாடசாலைக்கும் ஏனைய வார இறுதிப் பாடசாலைகளுக்கும் ஒரு வேண்டுகோளை முன்வைக்கின்றோம். ஆறாம் வகுப்பு முதல் ஒவ்வொரு மாணவரும், தம் வீட்டிலோ அயலிலோ உள்ள மூத்தவர் ஒருவரின் வரலாற்றை, அவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டுத் தமிழிலே எழுதுதல் வேண்டும். 'உங்கள் ஒரு நாள் எவ்வாறு விடிந்தது? உங்கள் கைகள் என்னென்ன வேலை அறிந்தன? எவரைப் பராமரித்தீர்கள்? எந்தக் கோயிலிலே எதனை வேண்டினீர்கள்? இப்போது உங்களுக்கு யாது வேண்டும்?' இவ்வைந்து வினாக்கள் போதும். இறுதி வினாவுக்கான விடையைப் பெற்றோர் கட்டாயம் வாசித்தல் வேண்டும். எழுதி முடித்ததை அம்மூத்தவரின் முன் மாணவர் வாய்விட்டு வாசித்துக் காட்டுதல் வேண்டும்.

பிள்ளைகளுக்கு அவ்வளவு தமிழ் வராதே என்று சிலர் கூறுவர். வருவதற்கு இதைவிடச் சிறந்த வழி யாது? மூக்குப்பேணி, நீற்றுப்பெட்டி, சுளகு, துலா என்னும் சொற்களைப் பாடநூலிலே படமாகக் காட்டினால் மறுவாரம் மறந்துவிடும். அம்மம்மாவின் கையோடு சேர்த்துக் கேட்ட சொல் மறவாது. பேத்தி தட்டுத் தடுமாறி எழுதும் பத்து வரிகள், மற்றவர் எழுதிக் கொடுத்து அவள் மேடையிலே ஒப்புவிக்கும் பேச்சினும் மேலானவை.

"என்ர கதையிலை என்ன கிடக்கு மாஸ்ரர்?" என்று முதியோர் மறுப்பதும் உண்டு. அது நாணம், சிலரிடத்து அது வேதனையும் ஆகும். ஷெல்லடியையும் பிரிவையும் கிளறி எடுத்துப் பிள்ளைகள் முன் அழவைப்பது எமது நோக்கமன்று. சொல்ல விரும்பாததை விட்டுவிடலாம். சமையலையும் தோட்டத்தையும் கோயிலையும் கேட்டாற் போதும். சொல்லத்தக்கது தானாகவே வரும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் மழலைப் பருவத்திலே உங்களுக்குச் சோறூட்டிய கைகள் இப்போது நடுங்கத் தொடங்கியிருக்கும். அவர்களின் வரலாற்றை எழுத அச்சகத்தார் வரமாட்டார். முப்பத்தோராம் நாள் வந்த பின்னர் அவசர அவசரமாக எழுதுவதிலும் பொருளில்லை. இவ்விழா முடிந்து வீடு சென்றதும் கொப்பியும் பேனாவும் எடுத்து, அவர்கள் அருகிலே அமருங்கள். வரும் ஆண்டு மலரிலே அவ்வரலாறுகளுள் சிறந்தவற்றை வெளியிட எமது ஆசிரியர் குழாம் ஆவன செய்யும். அம்மலரைத் தம் கையிலே வாங்கித் தம் கண்ணாலே வாசிக்கும் பேறு எமது மூத்தோர்க்கு வாய்ப்பதாக.

வாழ்க மூத்தோர்! வளர்க தமிழ்!