களத்திலிருந்து கொள்கைப் பணிக்கு: ஏன் போகிறேன்?

இந்த மாதக் கடைசியோடு, பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்த இயற்கை வேளாண் தொண்டு நிறுவனத்திலிருந்து விலகுகிறேன். அடுத்து சென்னையில், வேளாண் சட்டங்களையும் திட்டங்களையும் ஆராய்ந்து அரசுக்குப் பரிந்துரை எழுதும் ஓர் அமைப்பில் சேர்கிறேன். சேதி பரவியதிலிருந்து டெல்டா பக்கம் பழகிய உழவர்கள் பலர் போன் பண்ணிவிட்டார்கள். வாழ்த்துச் சொன்னவர்கள் குறைவு. "ஏசி ரூமுக்குப் போறீங்க, இனிமே எங்க போனை எடுப்பீங்களா தம்பி?" என்று கேட்டவர்கள்தான் அதிகம். ஒரு பெரியவர் நேராகவே கேட்டார்: "நம்மாழ்வார் ஐயா சர்க்கார் வேலையை உதறிட்டு வெளிய வந்தவரு. நீ உள்ள போறேங்கிற. யாரு செஞ்சது சரி?"

நியாயமான கேள்விதான். 1960களில் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை ஐயா விட்டதற்குக் காரணம், அங்கே நடந்த ஆராய்ச்சி மானாவாரி உழவருக்கு உதவவில்லை என்பது. ஆனால் வெளியே வந்தவர் சட்டம், கொள்கை எல்லாம் நமக்கெதுக்கு என்று இருந்துவிடவில்லை. 2009-ல், வேளாண் பட்டம் பெற்றுப் பதிவு செய்தவர்கள் மட்டுமே வேளாண் ஆலோசனை தரலாம் என்று தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது ஞாபகம் இருக்கும். அது நடைமுறைக்கு வந்திருந்தால், பக்கத்து ஊர்க்காரருக்குப் பூச்சி விரட்டி போடச் சொல்லிக்கொடுக்கிற நம் முன்னோடி உழவர்களே குற்றவாளி ஆகியிருப்பார்கள். அதை எதிர்த்து நின்றவர்களில் ஐயாவும் உண்டு. அரசு பின்வாங்கியது.

அதில் நாம் ஜெயித்தோம், சரி. ஆனால் அந்தச் சட்டத்தின் முதல் வரைவை எழுதும்போது அந்த மேசையில் நம் ஆள் யாராவது இருந்தார்களா? சட்டம் வந்த பிறகு தெருவுக்கு வருவதில் நாம் கெட்டிக்காரர்கள். எழுதும்போது எட்டிப் பார்ப்பதில்லை.

நான் போவதற்கு உடனடிக் காரணம் குத்தகை. திருவாரூர் பக்கம் ஓர் அக்கா. ஆறு மா நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்தார். எல்லாம் வாய்ப்பேச்சுதான். வருஷக்கணக்கா உப்பு உரம் தின்று இறுகிக் கிடந்த மண். முதல் வருஷம் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார், ஆட்டுக்கிடை போட்டார். அடுத்த வருஷம் பூங்கார் நட்டு, மகசூல் பாதியாகிக் கையைக் கடித்தது. மூன்றாம் வருஷம் மாப்பிள்ளைச் சம்பா இடுப்புக்கு மேல் நின்றது, வரப்பெல்லாம் மண்புழு எச்சம். நான்காம் வருஷம் நிலத்துக்காரர் வந்தார். "நிலம் நல்லா வந்திருச்சு, இனி நானே பாத்துக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டார். இப்போது அந்த அக்கா வேறொரு கெட்டுப்போன நிலத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். நல்ல நிலத்தை யார் கொடுப்பார்கள்?

அந்த மூன்று வருஷமும் அவருக்கு ஒரு மானியமும் கிடைக்கவில்லை. சிட்டா, அடங்கல் இரண்டும் நிலத்துக்காரர் பெயரில். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969-லேயே சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் பதிந்துவிட்டால் 1955-ஆம் ஆண்டு குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி நிலத்தைவிட்டுப் போகமாட்டார்களோ என்று உடமைக்காரருக்குப் பயம். அதனால் 'பதிவு' என்று வாயெடுத்தாலே குத்தகை போய்விடும். பாதுகாக்க வந்த சட்டமே வாய்ப்பேச்சுக் குத்தகையை வளர்த்துவிட்டது.

ஆந்திராவில் 2019-ல் ஒரு வழி கண்டார்கள். நில உரிமையைத் தொடாமல், 11 மாத ஒப்பந்தத்தின் பேரில் சாகுபடி செய்பவருக்கு ஓர் அட்டை. கடனுக்கும் இழப்பீட்டுக்கும் அது உதவும். நல்ல யோசனைதான், ஆனால் உடமைக்காரர் கையெழுத்து அதற்கும் வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், 11 மாதத்தில் என்ன மண் மாறும்? இயற்கைச் சான்றிதழுக்கான மாற்றுக்காலமே ஆண்டுப் பயிருக்கு இரண்டு மூன்று வருஷம் ஆகிறது. குறைந்தது ஐந்து வருஷ ஒப்பந்தம், நடுவில் நிலத்தை எடுத்தால் மண்ணை வளப்படுத்தியதற்கு ஈடு, இந்த இரண்டையும் சேர்த்து ஒரு வரைவு எழுத வேண்டும். வரப்பில் நின்றுகொண்டு நான் எத்தனை பயிற்சி கொடுத்தாலும் இந்த முடிச்சு அவிழாது.

யூரியா கதை உங்களுக்கே தெரியும். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. அடக்க விலையில் மீதியை மத்திய அரசு கட்டுகிறது. உர மானியம் வருஷத்துக்கு ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டும். 2024 நவம்பரில் ஒப்புதலான தேசிய இயற்கை வேளாண் இயக்கத்துக்கு, மாநிலப் பங்கையும் சேர்த்து, 2,481 கோடி. நம் கண்டுணர்வுப் பயணமும் விதைத் திருவிழாவும் இந்தத் தராசின் எதிர்த்தட்டில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

உள்ளே போனவர்கள் மாறிப்போனதை நானும் பார்த்திருக்கிறேன். முதலில் மொழி மாறும். 'உழவர்' போய் 'பயனாளி' வரும், அப்புறம் 'இலக்கு' வரும். எனக்கும் அந்த ஆபத்து உண்டு. ஆனால் அதற்குப் பயந்து எல்லாரும் வெளியிலேயே நின்றால், அந்த நாற்காலியில் வேறொருவர் உட்காருவார். உரக் கம்பெனிக்காரர்கள் யாரும் 'ஏசி ரூம் நமக்கு வேண்டாம்' என்று ஒதுங்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

நிறுவனத்தில் என் இடத்துக்கு வருபவர் உங்களில் பலருக்குத் தெரிந்தவர்தான், பங்கேற்பு உத்தரவாதக் குழுக்களின் வேலை நிற்காது.

எனக்கு இப்போது வேண்டியது கணக்கு. குத்தகை நிலத்தில் இயற்கை விவசாயம் செய்கிறவர்கள், செய்து விட்டவர்கள், ஒரு தாளில் எழுதி இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். எத்தனை மா, எத்தனை வருஷம், குத்தகை நெல்லா பணமா, எவ்வளவு, மண்ணுக்கு நீங்கள் போட்ட செலவு என்ன, நிலம் ஏன் கையைவிட்டுப் போனது. கோயில் நிலமாக இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். நிலத்துக்காரர் பெயர் வேண்டாம். எழுத வராதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். சம்பா அறுவடை முடிந்ததும் மாசியில் வருகிறேன், அந்தத் தாள்களோடு.