வேசமும் ஆளும்

போன செமஸ்டர் நானும் நண்பியும் மட்டக்களப்பில் வடமோடி அண்ணாவிமாரிடம் எடுத்த செவ்விகளைத் தட்டச்சு செய்து முடித்தோம். அதைத் துறையின் பழைய கணினிக்குள் போடவேணும். பென் டிரைவ் குத்த விடமாட்டினம், வைரஸ் பயம். லாப்டொப்பிலிருந்து அதுக்குள்ள போக இருந்த ஒரே வழி கட்டளை அடிக்கிற கறுப்புத் திரை. தமிழைக் கொப்பி பண்ணி ஒட்டினோம். முழுக்கக் கேள்விக்குறி! ஒரு வயதானவர் மூன்று மணித்தியாலம் இருந்து பாடிக் காட்டினதெல்லாம் ??????.

கணினி படிக்கிற தம்பி ஒருவன் வந்து 'பேஸ்64' என்று ஒரு கட்டளை அடித்தான். கோப்பு முழுக்க ஆங்கில எழுத்துக் குவியலாகிப் போச்சு. அதை அந்தப் பக்கம் ஒட்டி, அதே கட்டளையோடு ஒரு சிறு கோடும் 'டி'யும் சேர்த்து அடிக்க, பழைய கோப்பு திரும்பி வந்தது. இரண்டு பக்கமும் 'ஷா256சம்' அடித்துச் சரிபார்த்தோம். ஒரே விடை. ஒரு குற்றுக்கூடப் பிசகவில்லை.

இது பழைய வித்தை. 1980இல் பெர்க்லியில் மேரி ஆன் ஹோர்ட்டன் எழுதிய 'யூயூஎன்கோட்' இதையேதான் செய்தது. அப்போதைய மின்னஞ்சல் வழிகளில் சாதாரண ஆங்கில எழுத்துகளை மட்டும்தான் நம்பி அனுப்பலாம். பேஸ்64 மூன்று பைட்டை எடுத்து நாலு எழுத்தாக எழுதும்; கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். யூடிஎஃப்-8இல் எங்கட 'அ' மூன்று பைட்டு. ஆகவே அது 4, கே, 6, எஃப் என்று போகும். (இது பூட்டு இல்லை. ஆரும் திறக்கலாம். செவ்வி தந்தவர்களின்ட பெயர்களை இதுக்குள்ள ஒளிச்சிட்டம் எண்டு நினைக்காதீங்கோ.)

"தமிழ் ஆங்கில வேசம் கட்டித்தான் பயணம் போகவேணுமோ?" என்று நண்பி கேட்டாள். எனக்கும் முதலில் கோபம்தான். ஆனால் கூத்து முடிய வேசத்தைக் களைந்தால் ஆள் அப்படியே நிற்பார். பேஸ்64உம் அப்படித்தான். எனக்குப் பயம் பாமினியில். அதில் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இருந்தால் அம்மா, இல்லாவிட்டால் குப்பை. அது தமிழ் என்று கோப்புக்கே தெரியாது. தேடினாலும் அகப்படாது. மாற்றிகள் இருக்குத்தான், ஆனால் எது பாமினி, எது உண்மையான ஆங்கிலம் எண்டு ஒரு ஆள் இருந்து பார்த்துச் சொல்லவேணும். இருபது வருசத்துக்குப் பிறகு அந்த ஆள் ஆர்?

இவ்வளவுக்குப் பிறகும் எங்கட துறை ஆய்வேட்டைப் பாமினியில்தான் கேட்கிறது. "எல்லாரும் அப்படித்தான் தருகினம்" என்பதுதான் காரணம். அண்ணாவியாரின் பாட்டை நாங்கள் யுனிகோடில் கொடுத்தோம். மாற்றித் தரச் சொல்லி இரண்டு தரம் கேட்டாச்சு. இன்னும் மாற்றேல்ல.