மறுபாதிப் படிப்பு

டப்ளின், உட்ரெக்ட், புடாபெஸ்ட், நேப்பிள்ஸ் ஆகிய நான்கு நகரங்களின் சர்வகலாசாலைகள் ஒன்றுகூடி, 'மனிதனை மையமாகக் கொண்ட செயற்கை நுண்ணறிவு' என்று ஒரு முதுகலைப் படிப்பை வகுத்தன. ஐரோப்பிய யூனியன் பணம் கொடுத்தது. 2022-ல் வகுப்புகள் தொடங்கின. நல்ல காரியந்தான், நான் மறுக்கவில்லை. அந்த 'மனிதன்' யார் என்பதில்தான் என் சண்டை.

உட்ரெக்ட் இருக்கும் அதே ஹாலந்தில், குழந்தைப் பராமரிப்புக்கு உதவித்தொகை பெற்ற ஆயிரக்கணக்கான பெற்றோரை வரி இலாகா மோசடிக்காரர்கள் என்றது. யாரைச் சந்தேகிப்பது என்று பொறுக்கிக் கொடுத்ததில் கம்ப்யூட்டருக்கும் பங்கு உண்டு. அந்நியப் பிரஜையாக இருப்பதே சந்தேகத்துக்கு ஒரு காரணமாயிற்று. வாங்கிய பணத்தையெல்லாம் திருப்பிக் கட்டு என்றார்கள். குடும்பங்கள் கடனில் மூழ்கின. ஏன் என்று கேட்டவர்களுக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. 2021 ஜனவரியில் மந்திரிசபையே ராஜினாமாச் செய்தது.

அந்தத் தாய்மார்கள் எந்த முதுகலை வகுப்பில் உட்காரப் போகிறார்கள்? ஐரோப்பிய யூனியனில் அடிப்படை டிஜிட்டல் திறமை உள்ளவர்கள், 2023 கணக்குப்படி, நூற்றுக்கு 56 பேர்தான். 2030-க்குள் 80 ஆக்குவதாகச் சங்கற்பம். அந்தத் திறமையிலாவது, யந்திரத்தின் தீர்ப்பை எதிர்த்துக் கேட்பது முதல் பாடமாக இருக்க வேண்டாமா?

யந்திரம் செய்கிறவனுக்கு அறம் கற்பிப்பது பாதிப் படிப்பு. அதற்கு ஆளாகிறவனுக்குக் கேள்வி கேட்கவும், அதை நம்பிக் கையெழுத்துப் போடும் குமாஸ்தாவுக்குத் தயங்கவும் கற்பிப்பது மறுபாதி. இந்த மறுபாதிக்காக எந்தச் சர்வகலாசாலைகள் கைகோக்கப் போகின்றன?