காடும் கைகளும்

ஸ்பிரிங்வெளி மலைச்சரிவின் பசுமை காட்டின் பசுமையன்று. காடு வீழ்ந்த இடத்தில் கோப்பி வந்தது. 1869 இல் தோன்றிய இலைநோயால் கோப்பி மடிய, தேயிலை வந்தது.

அதே கதையை இன்று சுமத்திராவிலும் கலிமந்தானிலும் காண்கிறோம். முள்ளுத்தேங்காய்ச் செய்கைக்காகச் சதுப்புக் காட்டின் நீரை வடிக்கின்றனர். இலைதழைகள் முற்றும் மட்காமல், பல்லாயிரம் ஆண்டுகளாய்ப் படிந்த கரிமண் உலர்ந்து தீப்பற்றுகிறது. 2015 இல் எழுந்த புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடிற்று. அதனை எதிர்த்து எழுந்த இயக்கங்களை நாம் வரவேற்கிறோம்.

இலங்கையிலோ, 1968 இல் நாக்கியாதெனியாவில் வேரூன்றிய அப்பயிர் பெரிதும் பரவியது இறப்பர் நிலத்திலேயாம். இறப்பரைவிட அதற்குக் கைகள் குறைவாகவே வேண்டும். 2021 ஏப்ரலில் அதனைப் படிப்படியாக அகற்ற அரசு ஆணையிட்டது. நடும்போதும் பிடுங்கும்போதும் வாழ்வு குலைபவன் தொழிலாளியே. காட்டை அழிக்க ஆணையிட்டவன் அவனல்லன். ஆதாயம் கண்டவனும் அல்லன்.

ஆதலின், மரத்துக்காக எழும் குரல் அவனுக்காகவும் எழுதல் வேண்டும். எண்ணெய்ப் போத்தலின் பின்னே எரியும் காட்டை மாணவர்க்குக் காட்டும் ஆசிரியர், தேநீர்க் கோப்பையின் பின்னே மறைந்த காட்டையும், அதனை வெட்டிய கைகளையும் காட்டுவாராக.