நுங்கு விற்ற ஆயாவுக்கு யார் தண்ணீர் கொடுத்தது?

ஏப்ரல் பிறந்தால் போதும், முகநூல் முழுக்க நுங்கு காய்த்துவிடுகிறது. ஓலைப் பட்டையில் நுங்கு, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய கிளிமூக்கு மாங்காய், படியில் அளந்து கொட்டும் நாவல்பழம், பெட்டியைத் தட்டிக்கொண்டு வரும் ஐஸ் சைக்கிள். கீழே ‘90ஸ் கிட்ஸ் கொடுத்துவைத்தவர்கள்’ என்று ஒரு வரி. நானும் அந்தப் பத்தாண்டில் வளர்ந்தவள்தான். அந்தப் படங்களைப் பார்த்தால் எனக்கும் நாக்கில் நீர் ஊறும். ஆனால் அந்தப் பதிவுகளில் ஒன்று எப்போதும் உறுத்துகிறது. அவற்றில் வரும் தெரு எல்லோருக்குமான ஒரே தெருவாக இருக்கிறது. ஊர் என்றும் காலனி என்றும் பிரிவே இல்லை. பழம் விற்றவருக்கு ஒரு குரல் இருக்கிறது, கூடை இருக்கிறது. வீடு எங்கே என்று மட்டும் யாரும் எழுதுவதில்லை.

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. அதில் பள்ளி விட்டு வீட்டுக்கு நடக்கும் ஒரு சிறுமி வருவாள். பத்து நிமிட நடைதான். ஆனால் கடைத்தெருவில் குரங்காட்டி, பலகாரக் கடை, பருவத்துக்கு ஏற்ற பழங்கள் என்று வேடிக்கை பார்த்துப் பார்த்தே நேரம் போய்விடும். அதே நடையில்தான், ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதையும் அவள் பார்க்கிறாள். முதலில் சிரிக்கிறாள். அதன் காரணத்தை அண்ணன் சொன்ன பிறகு சிரிக்க முடியவில்லை. சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் இந்தப் பகுதியைப் படித்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். பழமும் தீண்டாமையும் இரண்டு தெருவில் இல்லை, ஒரே தெருவில்தான் இருந்தன என்பதை அந்தச் சில பக்கங்கள் காட்டிவிடுகின்றன.

விழுப்புரம் பக்கத்தில் எங்கள் காலனியில் ஓர் ஆயா இருந்தார். கோடை முழுக்கக் கூடைதான் அவருடைய வாழ்க்கை. பங்குனியில் வெள்ளரிப்பிஞ்சு, கோணப்புளியங்காய். சித்திரையில் நுங்கு. மரம் ஏறுபவரிடம் குலையாக வாங்கி, தலையில் சுமந்து ஊர்த்தெருவுக்குப் போவார். காசுக்கும் விற்பார், ஒரு படி மல்லாட்டைக்கும் விற்பார். ஊர்த்தெருவில் கூடையைத் திண்ணையில் வைக்க முடியாது. தெருவில்தான் இறக்க வேண்டும். காய் சீவும்போது யாரும் எதுவும் சொல்வதில்லை. காசை மட்டும் கையில் படாமல் மேலிருந்து போடுவார்கள். தாகம் எடுத்துத் தண்ணீர் கேட்டால் குவித்த கையில் ஊற்றுவார்கள். சொம்பு வராது. ஒரு தெரு முழுக்கத் தாகம் தீர்த்துவிட்டு வந்த ஆயா, காலனிக் குழாயடிக்கு வந்துதான் வயிறு நிறையத் தண்ணீர் குடிப்பார்.

ஆயா ஏன் இட்லி விற்கவில்லை? எங்கள் தெருவில் அவரைப் போல மாவு அரைக்க ஆள் கிடையாது. விடை எனக்குச் சமூகவியல் வகுப்பில்தான் கிடைத்தது. சாதிகளுக்கு இடையில் உணவு கைமாறும் விதிகளை மெக்கிம் மாரியட் என்ற மானுடவியலாளர் வட இந்தியக் கிராமம் ஒன்றில் ஆராய்ந்திருக்கிறார். சமைக்காத பண்டத்தை யாரிடமிருந்தும் வாங்கலாம். சமைத்ததை யாரிடம் வாங்குகிறோம் என்பதில்தான் மேல் கீழ் எல்லாம் அடங்கியிருக்கிறது. தானியம், காய், தோலோடு இருக்கும் பழம் ஆகியவற்றுக்குத் தீட்டு ஒட்டாதாம். நெருப்பிலும் தண்ணீரிலும் பட்டுச் சோறாகவோ இட்லியாகவோ ஆகிவிட்டால் ஒட்டிக்கொள்ளுமாம்.

இதைப் படித்தபோது ஆயாவின் கூடைதான் நினைவுக்கு வந்தது. வெள்ளரிப்பிஞ்சும் நுங்கும் அவராகத் தேர்ந்தெடுத்த தொழில் அல்ல, சாதி அவருக்கு மிச்சம் வைத்த தொழில். நுங்குக்குத் தோல் இருந்தது, அதனால் விற்றது. தீண்டப்படாதோர் கடை வைத்தாலும் வாங்க ஆள் வராது என்பதை அம்பேத்கர் விரிவாக எழுதியிருக்கிறார். நான் இன்று களத்தில் சந்திக்கும் பெண்களும் அதையே வேறு சொற்களில் சொல்கிறார்கள். “பழம்னா வாங்குவாங்கம்மா. இட்லி போட்டா யாரு வருவா? டவுனுக்குப் போனாதான் போடணும்.” டவுனிலும் இரண்டாம் நாளே ஒருவர் வந்து நிற்பார். “எந்த ஊரும்மா? அதுல எந்தத் தெரு?”

மரங்களின் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாமரம் வைக்க நிலம் வேண்டும், அது காய்க்கும் வரை காத்திருக்கக் கையில் வருமானம் வேண்டும். பஞ்சமி நிலம் என்று 1892இல் ஆங்கிலேய அரசு ஒதுக்கியதில் பெரும்பகுதி கைமாறிப் போன மண்ணில், எங்களுக்குத் தோப்பு ஏது? காலனிப் பிள்ளைகளுக்குக் கிடைத்ததெல்லாம் யாருக்கும் சொந்தமில்லாத பழங்கள். ஏரிக்கரை ஈச்சம்பழம், காட்டோரக் கலாக்காய், காரைப்பழம், சுடுகாட்டுப் பாதையில் நிற்கும் நாவல். அடுத்தவர் தோப்பில் கல் எறிந்து மாங்காய் அடித்தோம் என்று பலர் சிரித்துக்கொண்டே எழுதுகிறார்கள். ஊர்ப்பையன் எறிந்தால் அது குறும்பு. ஒரு காது திருகலோடு முடியும். எங்கள் பையன் எறிந்தால் அது திருட்டு. விசாரணை அவனோடு நிற்காது, அவன் அப்பாவின் கூலி வரைக்கும் போகும்.

நகரத்திலும் ஏழைப் பிள்ளைக்கு இதே நிலைதான். 2011 ஜூலையில் சென்னையில், ராணுவ அதிகாரிகள் குடியிருப்பின் மதிலேறிப் பாதாம் கொட்டை பறிக்கப் போன 13 வயதுச் சிறுவன் சுட்டுக் கொல்லப்பட்டான். பக்கத்துக் குடிசைப்பகுதிப் பிள்ளை. சுட்டவர் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி. 2012இல் விசாரணை நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மரத்தில் பழுத்துக் கீழே விழுந்து வீணாகும் ஒரு காய்க்கும் ஓர் உயிருக்கும் இடையில் ஒரு மதில்தான் இருந்தது. கோடை விடுமுறை, மரம் ஏறினோம் என்று எழுதும் கை அந்தச் சிறுவனையும் ஒரு நொடி நினைக்க வேண்டும்.

எங்கள் தெருவின் கோடையில் இனிப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஐஸ் வண்டி ஊர்த்தெருவை எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியாகக் காலனி முனையில் நிற்கும். பாதி உருகிய சேமியா ஐஸ், விலை மட்டும் அதே விலை. ஆனால் மாம்பழ பாய் அப்படி இல்லை. சைக்கிளை எங்கள் தெருவுக்குள்ளேயே உருட்டிக்கொண்டு வருவார். வீட்டு வாசலில் உட்காருவார். “தண்ணி குடும்மா” என்று எங்கள் சொம்பை வாங்கி வாய் வைத்துக் குடிப்பார். அந்த வயதில் எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. எங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அவருக்கு மட்டும் பழத்தில் பேரம் பேசவே மாட்டார்.

அந்த பாயைப் போன்றவர்களுக்கு இன்று என்ன நடக்கிறது? 2022 ஏப்ரலில் கர்நாடகத்தின் தார்வாடில், கோயில் வாசலில் தர்பூசணி விற்ற ஒரு முஸ்லிம் முதியவரின் பழங்களைத் தரையில் போட்டு உடைத்தார்கள். 2024 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில், காவடி யாத்திரை போகும் பாதையில் உள்ள உணவுக் கடைகளும் வண்டிகளும் உரிமையாளரின் பெயரை எழுதி வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. என்ன உணவு என்று எழுதச் சொல்லலாம், யாருடைய கடை என்று எழுதக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. பெயரை எழுது என்றால் என்ன பொருள் என்று நமக்குத் தெரியும். பெயரில் மதம் தெரியும், பல இடங்களில் சாதியும் தெரியும். “அதுல எந்தத் தெரு?” என்ற அதே கேள்வி, இந்த முறை அரசின் முத்திரையோடு வந்தது. பழத்தில் தீட்டு இல்லை என்ற பழைய சலுகையைக்கூடத் திரும்பப் பிடுங்கும் வேலை இது. அதனால்தான் தெரு வியாபாரியின் பிரச்சினை நம் பிரச்சினை.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. தெரு வியாபாரம் அரசியலமைப்பின் 19(1)(g) பிரிவு தரும் தொழில் உரிமைக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே சோதன் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. 2014இல் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடத்தை மாற்றவோ வெளியேற்றவோ 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். அழுகும் பொருளாக இருந்தால், உரியவர் கேட்ட அன்றே திருப்பித் தர வேண்டும். பழக்காரருக்கு இந்தக் கடைசி விதிதான் உயிர். மாம்பழத்தை மூன்று நாள் லாரியில் போட்டு வைத்தால், பிறகு திருப்பித் தருவதற்கு என்ன இருக்கும்?

அதே சட்டப்படி நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாக, அவர்களே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் சிறுபான்மையினருக்கும் உரிய இடம் தர வேண்டும். ஆனால் நான் பேசிய பழக்காரப் பெண்களில் பெரும்பாலோர் அப்படி ஒரு குழு இருப்பதையே கேள்விப்பட்டதில்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் தராசைத் தூக்கிக்கொண்டு போகும் வண்டிதான். 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், நம் மக்களைத் தொழில் செய்யவிடாமல் தடுப்பதையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றம் என்கிறது. இட்லிக் கடையில் கேட்கப்படும் “எந்தத் தெரு” என்ற கேள்வி புறக்கணிப்பில் முடிந்தால், அது வெறும் விசாரிப்பு அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

தோழர்களே, இந்தக் கோடையில் மூன்று வேலை செய்யலாம். உங்கள் ஊர் நகராட்சியில் விற்பனைக் குழு இருக்கிறதா, அதில் யார் யார் உறுப்பினர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பறிமுதல் விதிகளை ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில் எளிய தமிழில் அச்சிட்டு, பேருந்து நிலையத்துப் பழக் கூடைக்காரர்களிடம் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள். உங்கள் வீட்டு ஆயாவிடமும் அம்மாவிடமும் கேட்டு எழுதுங்கள். எந்தப் பழம் என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தத் தெருவில் கூடையை இறக்க முடிந்தது, எந்த வீட்டில் சொம்பு கிடைத்தது என்றும் கேளுங்கள். அவற்றை நாம் எழுதாவிட்டால், ‘அந்தக் காலம் இனிமையானது’ என்று வேறு யாராவது நம் பெயரிலும் சேர்த்து எழுதிவிடுவார்கள்.

ஜெய் பீம்.