காற்றிலிருந்து உரம்: முன்பணம் கட்டும் முன் ஒரு கணக்கு



பழைய மாணவன் ஒருவன் வீடியோ ஒன்று அனுப்பியிருந்தான். காற்று, தண்ணீர், கரண்ட் இருந்தால் போதும், வயலிலேயே உரம் செய்யும் இயந்திரமாம். "முன்பணம் கட்டலாமா சார்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

யோசனை பொய்யல்ல. 1905-லேயே நார்வேயில் அருவி மின்சாரத்தை வைத்துக் காற்றிலிருந்து உரம் எடுத்தார்கள். ஆனால் அது கரண்டை ஏகமாகக் குடித்தது. 1913-ல் ஜெர்மனியில் ஆலை கண்ட ஹேபர் முறை அதை வென்றது. பத்தாம் வகுப்பில் படித்தீர்களே, அதேதான். இன்றும் உலகின் அம்மோனியா பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. அதற்கு வேண்டிய ஹைட்ரஜனை எரிவாயுவிலிருந்து எடுப்பதால் கரியமில வாயு ஏராளமாக வெளியேறுகிறது. ஆகவே மாற்று வழி தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

மாற்று இரண்டு. தண்ணீரை மின்னாற்பகுத்து ஹைட்ரஜன் எடுத்து, அதை ஹேபர் முறைக்குக் கொடுப்பது ஒன்று. இது இன்றே முடியும். மின்முனையிலேயே நைட்ரஜனை நேராக அம்மோனியாவாக்குவது மற்றொன்று. இது இன்னும் ஆய்வகத்தைத் தாண்டவில்லை. நைட்ரஜனின் முப்பிணைப்பு லேசில் உடையாது. கரண்டில் பெரும்பகுதி ஹைட்ரஜன் உண்டாக்குவதிலேயே போய்விடும். போதாக்குறைக்கு, ஆய்வாளரின் மூச்சிலும் கையுறையிலும் இருக்கும் அம்மோனியா கலந்தே விடை தப்பாகிவிடுகிறது. அதனால்தான் நைட்ரஜன்-15 வைத்துச் சரிபார்க்கச் சொல்கிறார்கள். "விடை மட்டும் போதாது, வழியைக் காட்டு" என்று நான் மார்க் குறைப்பேனே, அதே கதை.

இப்போது கணக்கு. முதல் வழியில் ஒரு கிலோ அம்மோனியாவுக்குச் சுமார் 10 யூனிட் கரண்ட். 45 கிலோ யூரியா மூட்டைக்கு 25.5 கிலோ அம்மோனியா. ஆக 255 யூனிட். யூனிட் 3 ரூபாய் என்றாலும் கரண்டுக்கே 765 ரூபாய். நாம் மூட்டையை 270 ரூபாய்க்குள் வாங்குவது மானியத்தால். அந்தக் கரண்டும் நிலக்கரியில் வந்தால் புகை குறையாது, கூடும்.

ஆகவே என் கருத்து இது. சூரிய, காற்று மின்சாரத்தில் பெரிய ஆலைகள் முதல் வழியில் இறங்கட்டும்; மானியத்தில் ஒரு பங்கை அரசு அதற்கும் கொடுக்கட்டும். இரண்டாவது வழிக்கு ஆய்வுப் பணம் போகட்டும், உங்கள் முன்பணம் வேண்டாம்.

நெல்லுக்குப் போடும் யூரியாவில் பாதிக்கு மேல் பயிருக்குச் சேர்வதே இல்லை. இலை வண்ண அட்டை பார்த்துப் பிரித்துப் போடுங்கள். நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள். அதன் வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா, கரண்ட் பில் இல்லாமலே இந்த வேலையைச் செய்கிறது.

கணக்கில் தவறிருந்தால் திருத்துங்கள். இப்போது மார்க் போடுவது உங்கள் முறை.